சிக்கவைத்தவர் யார்?

'நல்ல நடிப்புத் திறமை. பாவம், மட்டமான படங்களில் சிக்கிக்கொண்டார்.' சினிமா பேசும் ஆண்கள் இதை இரங்கல் உரைபோலச் சொல்வார்கள். இலக்கணம் கற்பிப்பவளாகக் கேட்கிறேன்: சிக்கவைத்தவர் எங்கே? பிறவினையாக இருக்க வேண்டியதைத் தன்வினையாக்கிக் குற்றவாளியைத் தப்பவிடும் வாக்கியம் இது.

ராம்சே சகோதரர்களின் மலிவான இந்திப் பேய்ப்படங்களைப் பாருங்கள். 'புரானா மந்திர்' (1984) படத்தில் சாம்ரி என்ற பேயாக வந்தவர் அனிருத் அகர்வால். நெடிய உடம்பு, அச்சுறுத்தும் முகம். அதற்குமேல் அவரிடம் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. 'பந்த் தர்வாஸா'விலும் (1990) பேய். சேகர் கபூரின் 'பண்டிட் குயின்' (1994) படத்துக்கு வந்தபோதும் பூலான்தேவியை வதைக்கும் பாபு குஜ்ஜர். அநியாயம்தான். ஆனால் அவர் ரூர்க்கியில் சிவில் இன்ஜினியரிங் படித்தவர். திரும்பிப் போக ஒரு கதவு இருந்தது.

ஏலூருவின் விஜயலட்சுமிக்கு எந்தக் கதவு? நான்காம் வகுப்போடு பள்ளி நின்றது, சிறுவயதிலேயே கல்யாணம். 'வண்டிச்சக்கரம்' (1980) படத்துப் பாத்திரத்தின் பெயர் 'சில்க்'. அதையே அவருக்கும் சூட்டினார்கள். 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் கதாநாயகியின் அண்ணியாகக் கண்ணாலேயே நடித்துக் காட்டினார். பார்த்தார்கள், பாராட்டினார்கள், மறுபடி ஆடத்தான் கூப்பிட்டார்கள். 1996 செப்டம்பரில், 35 வயதில், சில்க் ஸ்மிதா இறந்தார்.

பேய்ப்படத்துக்கும் கவர்ச்சிப்படத்துக்கும் ஒரே கணக்குத்தான். செலவழிக்கப் பணமில்லையா, உடம்பைக் காட்டு. ராம்சே படங்களில் பேய் வருமுன் குளிக்கும் பெண் வருவாள். பேயின் பெயர் ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்தப் பெண்ணின் பெயர்?

எங்கள் செஞ்சி வட்டாரத் தெருக்கூத்தில் துச்சாதனன் திரௌபதியின் சேலையை இழுப்பான். விடிந்ததும் அரிதாரம் கலைத்துவிட்டு டீக்கடையில் உட்காருவார் அந்தக் கலைஞர். யாரும் அவரைத் துச்சாதனனாக நடத்துவதில்லை. வேடம் வேறு, ஆள் வேறு என்பது கூத்துப் பார்க்கும் பாமரருக்குத் தெரியும். கோடிகளில் புரளும் சினிமாவுக்குத் தெரியாது என்றால் நம்புவதற்கில்லை. தெரிந்தேதான் ஸ்மிதாவின் அரிதாரத்தைக் கலைக்கவிடவில்லை. கலைத்தால் வசூல் போய்விடும்.

ஆகவே மாணவிகளே, 'சிக்கிக்கொண்டாள்' என்று யாராவது பரிதாபப்பட்டால் தலையாட்டாதீர்கள். எழுவாயைக் கேளுங்கள். தயாரிப்பாளர், இயக்குநர், விநியோகஸ்தர், விசிலடித்த ரசிகர் என்று வரிசையாகச் சொல்லட்டும். எழுவாய் கிடைத்தபின் அந்தப் பரிதாபம் அவர்கள் வாயில் நிற்கிறதா என்று பார்ப்போம்.