தீட்டும் கிருமியும்

மந்திரி வந்தாலும் தேர் ஓடினாலும் எங்கள் ஊர்த் தெருவோரம் வெள்ளைக் கோடு விழும். பார்க்கக் கோலமாவு மாதிரி இருக்கும், ப்ளீச்சிங் பவுடர். கோடு போடுவது எங்க தெருக்காரங்க. என் அம்மாவும் போட்டவர்தான். கூடையிலிருந்து வெறுங்கையால் அள்ளி வீசுவார். ராத்திரி சோறு பிசையும்போது விரலிடுக்கு எரியும். "கொழம்பு வேணாம்டா, வெறுஞ்சோறே எரியுது" என்பார்.

கிருமிநாசினி கிருமியைக் கொல்லும். அழுக்கை அள்ளாது. மலமும் சகதியும் கிடக்கிற இடத்தில் பவுடரைக் கொட்டினால் அதிலுள்ள குளோரினை அழுக்கே தின்றுவிடும், கிருமி தப்பித்துக்கொள்ளும். முதலில் அள்ளணும், கழுவணும், அப்புறந்தான் மருந்து. அந்த 'முதலில் அள்ளணும்' யார் தலையில் விடிந்திருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்துச் சுகாதாரப் பாடம் எனக்குச் சொல்லித்தரவில்லை.

1860களில் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தை அடக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டது. அதைக் கேள்விப்பட்ட மருத்துவர் ஜோசப் லிஸ்டர், 1865இல் கிளாஸ்கோவில் எலும்பு முறிந்து சதை கிழிந்த ஒரு சிறுவனின் காலில் அதை வைத்துக் கட்டினார். புண் அழுகாமல் ஆறியது. சாக்கடை மருந்து ஆப்பரேசன் அறைக்குள் போய் மரியாதை பெற்றுவிட்டது. இங்கே சாக்கடையில் இறங்குகிற மனுசன் இன்னும் இறங்கிக்கிட்டேதான் இருக்கான்.

கிருமிக்கு மருந்து உண்டு. தீட்டுக்கு? 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரும் நம் மக்களும் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் சாணி, மூத்திரம், பால், தயிரை 108 பானைகளில் கொண்டுவந்து குளத்தில் கலந்து 'சுத்தம்' செய்தார்கள். குடிக்கிற தண்ணியில் சாணி! லிஸ்டர் பாடம் வந்து அறுபது வருசம் ஆகியிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது, உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைக் குழந்தை குட்டிகளோடு ரோட்டில் உட்காரவைத்து ஹைப்போகுளோரைட் கரைசலைப் பீய்ச்சினார்கள். தரைக்கும் கதவுப் பிடிக்கும் தெளிக்கிற மருந்து அது. விமானத்தில் வந்திறங்கியவர்களை யாரும் அப்படி உட்காரவைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

தோழர்களே, உங்கள் ஊரில் பவுடர் வீசுகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். கையுறையும் முகமூடியும் கொடுத்தார்களா, கொடுத்தது கிழிந்தால் வேறு தருகிறார்களா என்று கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். போகும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: பவுடரையும் கக்கூஸ் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. கிளம்புகிற குளோரின் வாயு ஆளையே கொன்றுவிடும்.