ஓட்டை விழுந்த கீரைக்கு ஒரு வக்காலத்து

ஓட்டையில்லாத கீரைதான் நல்ல கீரை என்று நம்மில் பலர் நம்புகிறோம். கட்டைப் பிரித்து, இலை இலையாகத் திருப்பிப் பார்த்து, ஒரு பொத்தல் தெரிந்தாலும் "பூச்சி அரிச்சிருக்கு, வேண்டாம்மா" என்று தள்ளிவிடுகிறோம். இதைப் போன்ற அசட்டுத்தனம் வேறில்லை.

முளைக்கீரையும் சிறுகீரையும் ஏறக்குறைய 25 நாளில் பறிக்கிற பயிர்கள். அந்த 25 நாளும் ஒரு பூச்சிகூட வாய் வைக்கக் கூடாதென்றால் விவசாயி என்ன செய்வார்? மருந்துதான் அடிப்பார். கத்தரி, வெண்டை என்றால் மருந்தடித்த பிறகு சில நாள் பொறுத்து, புதிதாக வரும் காயைப் பறிக்கலாம். கீரையில் மருந்து விழுகிற அந்த இலையேதான் நம் தட்டுக்கு வருகிறது. செடிக்குள் ஊடுருவும் மருந்தாக இருந்தால் எத்தனை முறை அலசினாலும் போகாது. அப்படிப்பட்ட மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்குத் தெளிக்கக் கூடாதென்று மத்திய அரசு 2005லேயே தடை விதித்தது. சட்டம் மட்டும் போதுமா? பளபளப்பைக் கேட்கிற நம் கண்ணும் மாற வேண்டாமா?

"ஓட்டைக் கீரையில் புழு இருக்குமே!" என்பார்கள். இருக்கட்டுமே! உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசினால் புழு வெளியே வந்துவிடும். பேரப்பிள்ளைக்குக் கீரை மசித்து ஊட்டுகிறவர்கள் எதற்குப் பயப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரிகிற புழுவுக்கா, தெரியாத விஷத்துக்கா?

மாடித் தோட்டக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பூச்சியைக் கண்டதும் தெளிப்பானைத் தூக்குகிறார்கள். என்ன பூச்சி என்று கேட்டால் பதில் இல்லை. முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். தண்டுக்கீரை இலைகள் நூலால் பின்னிச் சுருண்டிருந்தால் உள்ளே பச்சைப் புழு இருக்கும். மேலே அடிக்கிற மருந்து அதன்மேல் சரியாகப் படாது. சுருட்டைக் கிள்ளி நசுக்குவதே வைத்தியம். பாலக்கில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் புழு இலைக்குள்ளேயே இருக்கிறது. அந்த இலையைப் பறித்து அழித்துவிடுங்கள். கொழுந்தில் அசுவினி அப்பியிருந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அப்போதும் போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளியுங்கள்.

மணத்தக்காளி இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டு மங்கலாக இருக்கும். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டோ பளபளவென்று மின்னும். குட்டி முதலை போல ஊரும் அதன் புழுவைத்தான் பலர் எதிரியென்று நசுக்குகிறார்கள். காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடன் வந்தானே என்று புலம்பி என்ன பயன்?

பூச்சியே தொடாத இலையைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். அதற்கு வேண்டாதது நமக்கு மட்டும் எப்படி நல்லதாகும் என்று யோசியுங்கள்.