சீப்பு யாருடையது?

ஓவியத்துக்கான விருதொன்று ஓர் இளைஞருக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அவருடைய படத்தையும் அவருக்குச் சில வயது மூத்த இன்னோர் ஓவியரின் படத்தையும் பக்கம்பக்கமாக அச்சிட்டு, இது காப்பி என்று தீர்ப்பெழுதிவிட்டது ஓர் இதழ். இருவரும் அக்ரிலிக்கை அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். காய்ந்தபின் பிளேடால் சுரண்டி அடிநிறத்தை வெளியே கொண்டுவருகிறார்கள். ஒற்றுமை அத்தோடு சரி. ஒருவர் வரைவது உப்பளம், மற்றவர் வரைவது முகங்கள். படத்தில் என்ன இருக்கிறது என்று கட்டுரையில் ஒரு வரி கிடையாது. பிளேடு முதலில் யார் கையில் இருந்தது என்பது மட்டுமே விசாரணை.

இந்த விசாரணையை க்யூபிஸ ஓவியர்கள் பிராக், பிக்காஸோ இருவரிடமும் நடத்திப் பார்க்கலாம். பிராக்கின் தந்தை பிரான்ஸின் லெ ஆவ்ரில் வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்கரிக்கும் தொழில் செய்தவர். மகனும் அதைக் கற்றார். காயாத வர்ணத்தின் மேல் சீப்பை இழுத்தால் வெறும் பரப்பில் மரத்தின் ரேகை எழும். அத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கைவேலை அது. 1912இல் இதை பிக்காஸோவுக்குச் சொல்லிக்கொடுத்தார் பிராக். பிக்காஸோ அந்தச் சீப்பை எடுத்து, 'கவிஞன்' படத்தில் முடிக்கு இழுத்தார். மரத்துக்கான கருவி தலைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டு, பிக்காஸோ பாரிஸ் போயிருந்த நாட்களில், மர ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை அவிஞ்ஞோன் கடையில் வாங்கி வெட்டி, கரிக்கோட்டுச் சித்திரத்தில் ஒட்டினார் பிராக். அக்டோபரில் பிக்காஸோவிடமிருந்து அவருக்குக் கடிதம் போகிறது: உங்கள் தாள் வேலையைத்தான் இப்போது நானும் செய்துகொண்டிருக்கிறேன் என்று. மறைக்க வேண்டும் என்றே பிக்காஸோவுக்குத் தோன்றவில்லை. 1911 கோடையில் செரேவில் இருவரும் வரைந்தவற்றில் எது யாருடையது என்று பழகிய கண்களும் தடுமாறுகின்றன. கையெழுத்தைக் கேன்வாஸின் பின்புறம் போட்ட காலம் அது.

மறைந்த மேதைகளிடமிருந்து எடுத்தால் மரபு, உயிரோடிருப்பவரிடம் எடுத்தால் திருட்டு என்ற கணக்கை நாங்கள் ஏற்கவில்லை. மேதையின் படத்தில் நமக்குக் கிடைப்பது முடிவு. தயக்கங்கள் எல்லாம் எப்போதோ வர்ணத்தின் அடியில் மூடிப்போயின. அதே உத்தியில் இன்று திணறிக்கொண்டிருப்பவரிடம்தான், எந்த அடுக்கு எவ்வளவு நேரம் காய வேண்டும், எந்த அழுத்தத்தில் பிளேடு துணியையே கிழித்துவிடும், எந்தப் பிழையை அப்படியே விட்டுவைக்கலாம் என்பதெல்லாம் கிடைக்கும். இன்னும் ஒரு படி மேலே போகிறோம்: வேறு உத்திக்காரரை வியக்கலாம், அவரோடு விவாதிக்கலாம், அவரிடம் கற்க முடியாது. கை கையிடம்தான் கற்கிறது. கருத்திடமிருந்து கற்றதாகச் சொல்பவர்களை நாங்கள் நம்புவதில்லை.

இப்படிக் கற்றவர்களில் இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர் பிஸ்ஸாரோவின் மேல் எங்களுக்குத் தீராத பற்று உண்டு. அவருடைய லூவ்சியென் காட்சியொன்றை 1872 வாக்கில் செசான் அப்படியே பிரதியெடுத்தார். கறுப்பும் கனமுமாகப் பூசிக்கொண்டிருந்த கைக்கு வெளிச்சம் பழகியது அந்தக் கூட்டுறவில்தான். 1906இல், தன் 67ஆம் வயதில், எக்ஸ் நகரக் கண்காட்சிப் பட்டியலில் தன்னை பிஸ்ஸாரோவின் மாணவர் என்று குறித்துக்கொண்டவர் அதே செசான். எங்களை அதைவிட அசைத்தது பிஸ்ஸாரோ செய்த காரியம். 1885இல் அவருக்கு 55 வயது. இம்ப்ரஷனிஸ்டுகளுக்கே தந்தையைப் போன்றவர். அந்த வயதில், தன்னைவிட 29 ஆண்டு இளையவரான ஸூராவிடம் வர்ணத்தைப் புள்ளிபுள்ளியாக வைக்கக் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு இம்ப்ரஷனிஸ்டுகளின் எட்டாவது கண்காட்சியில் ஸூரா, ஸிஞ்ஞாக் ஆகியோரோடு ஒரே அறையில் தன் படங்களையும் மாட்டினார். பழைய நண்பர்கள் முகம் சுளித்தார்கள், வணிகர் துராந்-ருவெலுக்குப் பிடிக்கவில்லை. வீட்டிலோ பெரிய குடும்பம், பணமுடை. இருந்தும் சில ஆண்டுகள் புள்ளிகளை விடவில்லை. பார்த்த கணத்தின் வேகத்துக்குப் புள்ளி ஈடுகொடுக்கவில்லை என்று பட்டபிறகே விட்டார். 1897இல் விடுதி ஜன்னலிலிருந்து அவர் வரைந்த மோன்மார்த்ர் பெருவீதிப் படங்களைப் பாருங்கள். அந்த ஜனக்கூட்டத்தில், வண்டிகளில், ஈரச் சாலையில் அடர்ந்து விழும் குறுந்தீற்றல்கள், புள்ளி வைத்துப் பழகாத கைக்கு வந்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1966இல் ஓவியர் பணிக்கரோடு சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனவர்கள் பிழைப்புக்காக பத்திக் துணி செய்தார்கள். ஒருவருடைய மெழுகுக் கோட்டை இன்னொருவர் பார்த்தபடி வேலை செய்த இடம் அது. மதராஸ் பள்ளியின் கோடு என்று இன்று நாம் பெருமையோடு பேசுவதை எந்த ஒருவர் பெயரில் பட்டா போட முடியும்?

'முதலில் யார்' என்று கேட்கும் நோய் ஓவியத்தில் மட்டும் இல்லை. நம் கவிஞர்களின் நேர்காணல்களைப் புரட்டுங்கள். பாதித்தவர்கள் யார் என்று கேட்டதும் லத்தீன் அமெரிக்கர்கள் வருகிறார்கள், ரஷ்யர்கள் வருகிறார்கள், தவறாமல் சங்கம் வருகிறது. பக்கத்து ஊரில் தன்னைப் போலவே நீண்ட வரிகளில் எழுதும் ஒருவரின் தொகுப்பை, போன வருடம் முழுக்கத் தலைமாட்டில் வைத்திருந்ததை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மறுநாளே யாராவது இரண்டு கவிதைகளை எதிரெதிரே அச்சிட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம். இந்தப் பயத்தை வளர்த்தது விமர்சனம். கோட்பாடுகளின் வரவுக்குப் பிறகு 'ஆசிரியன் இறந்தான்' என்று முழங்கிய அதே தலைமுறை, உத்திக்கு மட்டும் உரிமைப் பத்திரம் கேட்பதை எப்படிப் புரிந்துகொள்வது? படைப்பை அக்கறையோடு பார்க்கத் தெரியாதபோதுதான் முதலில் செய்தவர் யார் என்ற கேள்வி விமர்சனத்தின் இடத்தில் வந்து உட்காருகிறது.

இனி இவ்விதழின் ஒவ்வொரு நேர்காணலிலும், உயிரோடிருக்கும் யாரிடமிருந்து எதைக் கற்றீர்கள் என்று கேட்கப்போகிறோம். பதில் எத்தனை பக்கம் வந்தாலும் வெட்டாமல் வெளியிடுவோம்.