நம் வாக்கு இல்லாமலும் ஜனாதிபதி ஆகலாம்

2024 செப்டெம்பர் 21 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் அநுர குமார திசாநாயக்கவுக்குக் கொடுத்தது 27,086 வாக்குகள். நூற்றுக்கு ஏழரை வீதம்கூட இல்லை. அவர் ஜனாதிபதியானார். எட்டு வாரம் ஆக முன்னரே, நவம்பர் 14 அன்று, அதே மாவட்டம் அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு 80,830 வாக்குகளையும் ஆறு ஆசனங்களில் மூன்றையும் கொடுத்தது. வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சிக்கும் சைக்கிள் சின்னத் தமிழ்க் காங்கிரசுக்கும் ஒவ்வோர் ஆசனம்தான் மிஞ்சியது.

இதற்காக மக்களைத் திட்டித் தீர்த்தவர்கள் பலர். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வாக்காளருக்கு என்ன நடந்தது என்பதைவிட, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நமது கட்சிகள் கைக்கொண்ட ஒரு கணக்குக்கு என்ன நடந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முழு நாடும் ஒரே தொகுதியாக வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்கிறது. சிங்கள வாக்கு இரண்டாகப் பிரியும். ஆகவே யார் வெல்வது என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் தீர்மானிப்பார்கள். தீர்மானிப்பவர்களோடு வெல்கிறவர் பேசியே ஆகவேண்டும். இதுதான் அந்தக் கணக்கு. ஜே.ஆர். ஜயவர்த்தன 1966 இலேயே முன்வைத்து 1978 இல் கொண்டுவந்த இந்த ஆட்சிமுறையை, தந்தை செல்வாவின் மருமகனான பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன் பிரான்சின் டி கோல் முறையோடு ஒப்பிட்டு 1980 இல் ஒரு நூலே எழுதினார். ஜே.ஆருக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் இடையில் தூது போனவரும் அவர்தான். எட்டு ஆண்டு கழித்து அவரே இலங்கையின் உடைவைப் பற்றி இன்னொரு நூல் எழுத வேண்டியதாயிற்று.

இடையில் நடந்தவை தெரிந்தவைதான். 1982 இல் யாழ்ப்பாணம் குமார் பொன்னம்பலத்தை முதலாவதாக வைத்தது, ஜே.ஆர். வென்றார், அந்த ஆண்டு டிசெம்பரிலேயே சர்வஜன வாக்கெடுப்பு ஒன்றின் மூலம் பாராளுமன்றத் தேர்தலைத் தள்ளிப்போட்டார். அடுத்த ஆண்டு, பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யக் கோரிய ஆறாவது திருத்தம் வந்தது. 1977 இல் 18 ஆசனங்களோடு எதிர்க்கட்சியாக இருந்த கூட்டணி பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றது. 2005 இல் புலிகளின் பகிஷ்கரிப்பினால் யாழ் மாவட்டத்தின் ஏழு இலட்சத்துச் சொச்ச வாக்காளரில் 8,524 பேர்தான் வாக்களித்தார்கள். ரணில் விக்கிரமசிங்க ஏறக்குறைய ஒரு இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகளால் தோற்றார். கணக்கு சரிதான் என்று நம்மவர் நம்புவதற்கு அந்தத் தோல்வியே சாட்சியானது. 2015 இல் மைத்திரிபால சிறிசேனவுக்கு இங்கே 74 வீதம் விழுந்தது, அவர் வென்றார், நம்பிக்கை இன்னும் உறுதியானது.

ஆனால் 2019 இல் சஜித் பிரேமதாசவுக்கு மாவட்டம் 83 வீதத்துக்கு மேல் கொடுத்தும் கோட்டாபய ராஜபக்ஷ வென்றார். சிங்கள வாக்கு ஒன்றாகத் திரண்டதால் அப்படி நடந்தது, அது விதிவிலக்கு என்று அப்போது சொன்னோம். 2024 இல் சிங்கள வாக்கு மூன்றாகப் பிரிந்தது. இரண்டாம் விருப்பு வாக்கு எண்ணும் நிலைகூட வரலாற்றில் முதல் தடவையாக வந்தது. கணக்கின்படி பார்த்தால் நமக்கென்றே அமைந்த தேர்தல் அது. அப்போதும் நம் வாக்கு இல்லாமலே ஒருவர் வென்றார். அந்தக் கணக்கு இனிச் செல்லாது என்பதை ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

சரி, நம் வாக்கால் வென்ற மைத்திரிபாலவின் காலத்தில் நமக்கு உண்மையில் உதவியது எது? சில காணிகள் விடுபட்டன, பத்தொன்பதாம் திருத்தம் வந்தது. புதிய அரசியலமைப்பு முயற்சி நடுவழியில் நின்றது. 2018 ஒக்டோபரில் அதே ஜனாதிபதி பிரதமரை நீக்கி, அடுத்த மாதம் பாராளுமன்றத்தையும் கலைத்தபோது, அந்தக் கலைப்புச் செல்லாது என்று டிசெம்பர் 13 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடிய கட்சிகளில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஒன்று. 2025 இலும் உதவியது நீதிமன்றம்தான். வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளை, உரிமை கோரப்படாவிட்டால் அரசுடையதாக்குவது குறித்து மார்ச்சில் வந்த வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் ஜூனில் இடைக்காலத் தடை விதித்தது. வழக்குப் போட்டவர் ஏழு மாதங்களுக்கு முன் தேர்தலில் தோற்றிருந்த எம்.ஏ. சுமந்திரன். ஆசனம் போனபிறகும் சட்டம் தெரிந்தவர் ஒருவரின் வேலை ஊருக்குப் பயன்பட்டது. ஜனாதிபதியின் தயவு தந்ததைவிட, மன்றிலும் சபையிலும் பொறுமையாகச் செய்த வேலை தந்ததே நின்று நிலைத்திருக்கிறது.

தயவு எப்படி வரும் என்பதற்கும் ஓர் உதாரணம். 2025 ஏப்ரலில், உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சில வாரம் முன்னர், வசாவிளான் பக்கத்துப் பலாலி வீதி திறக்கப்பட்டது. காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும், நடந்து போகக்கூடாது, வாகனத்தை நடுவில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. தன் சொந்தக் காணி இருக்கும் வீதியில் ஒருவர் அப்போது இறங்கி நிற்க முடியவில்லை. திறந்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் கொடுத்தவர் எந்நேரமும் திருப்பி எடுக்கக்கூடியதை உரிமை என்று எழுத எனக்குக் கை வராது.

இனி நமது வீட்டுக்கு வருவோம். 2024 ஜனவரி 21 இல் திருகோணமலையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்தது. சிவஞானம் சிறீதரனுக்கு 184, சுமந்திரனுக்கு 137. 1949 இல் தொடங்கிய கட்சியில் இப்படி ஒரு போட்டி அதுவே முதல் தடவை. பெருமைப்பட வேண்டிய நாள். சில வாரங்களில் அந்தத் தெரிவு கட்சி யாப்புப்படி நடக்கவில்லை என்று திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. மாநாடு நின்றது. தலைவர், செயலாளர் பதவிகள் 'பதில்' என்ற அடைமொழியோடு ஓடின. அந்த ஆண்டு செப்டெம்பரில் கட்சியின் மத்திய குழு சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்தது. அதே கட்சிக்காரரான பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார்; சிறீதரன் அவரை ஆதரித்தார். யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688. ஒரே கட்சி இரண்டாகக் கிழிந்ததை வாக்குச்சீட்டே காட்டியது. இரண்டு மாதத்தில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி மூன்று ஆசனம் எடுத்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நம் ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்றின் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மெழுகாத சீமெந்துத் தரை, பத்திரிகை வாசிக்கும் நீள மேசை, இருபது முப்பது பேர். கடவுள் வணக்கம் முடிய, செயலாளர் கடந்த கூட்ட அறிக்கையை வாசிப்பார். ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார். பொருளாளர் கணக்கில் முந்நூறு ரூபா இடித்தால் அதை எழுதி முடிக்கும்வரை ஒருவரும் எழும்பமாட்டார்கள். கோயில் பரிபாலன சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் இதே ஒழுங்குதான். இந்த ஒழுங்கில் வளர்ந்த சமூகத்தின் முதன்மைக் கட்சிக்கு, யார் பொதுச்சபை உறுப்பினர், யாருக்கு வாக்குரிமை என்பதை நீதிமன்றம் போய்த்தான் கேட்கவேண்டியிருந்தது. என்னைப் பழைமைவாதி என்பவர்கள் இருக்கிறார்கள், நான் மறுப்பதில்லை. காக்கவேண்டிய பழைமை என்று நான் நினைப்பது இந்த அறிக்கைப் புத்தகத்தைத்தான்.

இது கட்சிக்குள் முடிகிற பிரச்சினை அல்ல. நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழித்துப் புதிய அரசியலமைப்புக் கொண்டுவருவோம் என்று வாக்குறுதி தந்தவர்கள் 225 இல் 159 ஆசனங்களோடு இருக்கிறார்கள். சந்திரிகா 1994 இல் சொன்னார், மஹிந்த 2005 இல் சொன்னார், மைத்திரிபால 2015 இல் சொன்னார், மூவரும் செய்யவில்லை. இவர்கள் செய்யக்கூடும் என்றே எடுத்துக்கொள்வோம். மக்கள் விடுதலை முன்னணி 2018 இல் கொண்டுவந்த இதே நோக்கமுள்ள சட்டமூலத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்றே உயர் நீதிமன்றம் அப்போது சொன்னது. ஆகவே கேள்வி ஒருநாள் நம் கையில் வாக்குச்சீட்டாக வரும். ஆம் என்பதா, இல்லை என்பதா?

எனக்கு ஜனாதிபதி முறையில் மோகம் கிடையாது. ஆனால் அதைப் பிடுங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பதின்மூன்றாம் திருத்தத்தின்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் அந்த ஆளுநரிடம்தான் இருக்கிறது. 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் மாகாணத்தை ஆளுநர்களே நடத்துகிறார்கள். எல்லை நிர்ணயம் என்ற பெயரில் தேர்தல் கிடப்பில் போனது. பழைய தேர்தல் முறைக்குத் திரும்பச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றிருந்தும் ஒருவரும் அவசரப்படவில்லை. நாளை ஜனாதிபதி பெயரளவுக்கு மாறினால் ஆளுநரை நியமிப்பது யார்? பிரதமர் சொல்படி என்றால், கொழும்பில் ஒரு கதிரையிலிருந்து இன்னொரு கதிரைக்கு அதிகாரம் போகிறது, அவ்வளவுதான். விதிவிலக்கு எதுவுமின்றி முதலமைச்சரின் ஆலோசனைப்படிதான் ஆளுநர் நடக்கவேண்டும் என்று எழுதப்பட்டால் கதை வேறு. இந்த ஒரு வரியை வைத்துத்தான் நமது 'ஆம்' அல்லது 'இல்லை' இருக்கவேண்டும்.

அந்த வரியை யார் எழுதி, யாரிடம் கொடுப்பது? கிளைகளைக் கூட்டி, உறுப்பினர் பட்டியலைச் சரி செய்து, நின்றுபோன மாநாட்டை யாப்புப்படி நடத்தி, அங்கே இதைத் தீர்மானமாக எடுத்து, எடுத்த தீர்மானத்தை மீறுகிறவரை வெளியே நிறுத்தக்கூடிய கட்சி ஒன்று வேண்டும். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வருவது 2029 இல். அரசியலமைப்பு வரைவு அதற்கு முன்னரே மேசைக்கு வரக்கூடும்.