மலை ஏறும் மின்சாரக் காருக்கு என்ன வேண்டும்?

மதுரையில் சென்னை, திருச்சிப் பக்கம் போகிறவர்கள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவார்கள். தேனி, குமுளி, கொடைக்கானல், கோயம்புத்தூர் என்று மேற்கே கிளம்புகிறவர்களுக்கு ஆரப்பாளையம். மின்சாரக் காரில் நெடுந்தூரம் போவது பற்றிய பேச்செல்லாம் பெரும்பாலும் மாட்டுத்தாவணித் திசையிலேயே நடக்கிறது. 2022 மார்ச்சில் பாரத் பெட்ரோலியம் தன் முதல் விரைவு சார்ஜிங் வழித்தடமாக அறிவித்ததும் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையைத்தான். நல்ல தொடக்கம். ஆனால் வண்டியையும் அதை ஓட்டுபவரையும் சோதித்துப் பார்ப்பவை ஆரப்பாளையம் பக்கத்துச் சாலைகள்.

‘பாதி வழியில் நின்றுவிட்டால்?’ என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. 2023 பிப்ரவரியில் டாடா நெக்ஸான் மின்சாரக் கார் ஒன்று காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு 4,003 கிலோமீட்டரை 95 மணி 46 நிமிடத்தில் கடந்தது. நிறுவனமே ஏற்பாடு செய்த ஓட்டம் என்பதால் அதைச் சற்றுத் தள்ளி வைத்தே பார்க்கலாம். சாதாரணக் குடும்பத்தின் கணக்கு வேறு. மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். 40 யூனிட் பேட்டரி கொண்ட கார், நாற்கர சாலையில் யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடினால், 240 முதல் 280 கிலோமீட்டர் தாங்கும். விளம்பரத்தில் போடுகிற தூரம் ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் காற்றின் தடை அதில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். ஆகவே வழியில் ஒருமுறையாவது சார்ஜ் போட்டே ஆக வேண்டும். இரண்டுமுறை போட்டால் நிம்மதி.

30 கிலோவாட் சார்ஜரில் 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏற ஐம்பது நிமிடம் ஆகும். அதற்குமேல் மெதுவாகத்தான் ஏறும் என்பதால், எண்பதிலேயே கழற்றிக்கொண்டு கிளம்புவதுதான் கெட்டிக்காரத்தனம். குழந்தைகளோடு போகிற குடும்பம் சாப்பாடு, கழிப்பறை என்று எப்படியும் முக்கால் மணி நேரம் நிற்கும். எரிச்சல் அந்தக் காத்திருப்பில் இல்லை. பங்கில் ஒரே ஒரு சார்ஜிங் கன் இருந்து, நமக்கு முன்னால் ஒரு கார் நின்றால் இன்னும் ஒரு மணி நேரம். அந்தக் கன்னே பழுதென்றால் அடுத்த ஊருக்கு ஓட்டம். நிறுவனத்துக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு வாலட், அதில் முன்கூட்டியே பணம். பெட்ரோல் போட யாராவது இப்படிப் பாடுபடுகிறார்களா?

புது எரிபொருளைக் கண்டு மிரண்ட ஊர் அல்ல மதுரை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, இங்கே பஸ் நிறுவனம் நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்கார் கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியைத் தயாரித்து வண்டிகளை ஓட்டினார். கரி பற்றி வாயு கிளம்பும்வரை காத்திருந்துதான் வண்டியை எடுக்க முடியும். காத்திருப்பும் ஓட்டத்தின் ஒரு பகுதி என்று அன்றைய டிரைவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அன்று வண்டிக்கும் எரிபொருளுக்கும் ஒரே முதலாளி பொறுப்பு. இன்று காரை விற்பவர் ஒருவர், சார்ஜர் வைப்பவர் இன்னொருவர், மின்சாரம் தருவது மூன்றாமவர். பழுதானால் யாரைக் கேட்பது?

நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதல் சொன்னது. 2024இல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி சார்ஜர்களுக்கு. இந்த மானியத்தில் ஒரு பங்கையாவது, சார்ஜர் எத்தனை மணி நேரம் வேலை செய்தது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். நட்டுவைத்த கம்பத்தை எண்ணிக் காசு கொடுத்தால் கம்பம்தான் மிஞ்சும்.

இனி மேற்கு. ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர்; தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்றம் ஏறக்குறைய 2,000 மீட்டர். ஆட்களும் மூட்டைகளும் சேர்ந்து 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் பத்து யூனிட் வேண்டும். தரையில் ஓடுகிற கணக்கில் 17 யூனிட்டைச் சேர்த்தால் 27. 40 யூனிட் பேட்டரிக்கு இது கவலையில்லாத ஏற்றம். டாடா டியாகோ போன்ற 24 யூனிட் சிறிய காருக்கு, எடை குறைவென்றாலும், இழுபறி. அதற்காகத்தான் மலை தொடங்கும் முன் வத்தலக்குண்டில் நம்பகமான சார்ஜர் தேவை, இரண்டு கன்னோடு.

மேலே போய்ச் சேர்ந்தபின் கதை வேறு. அங்கே விலை உயர்ந்த விரைவு சார்ஜர்களை வரிசையாக வைக்கத் தேவையில்லை. விடுதியில் கார் இரவெல்லாம் நிற்கிறது. வீட்டில் ஏ.சி. ஓடுகிற அதே மாதிரி 15 ஆம்பியர் சாக்கெட்டில் பத்து மணி நேரம் விட்டால் முப்பது யூனிட் ஏறிவிடும். நூறு சதவீதம் நிரப்பவும் கூடாது: இறங்கும்போது மோட்டாரே டைனமோ போல வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், அதற்கு இடம் இருக்க வேண்டும். விடுதிகளில் சாக்கெட் வைக்கச் சொல்வதும் கடினமில்லை. 2024 மே மாதம் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. வண்டிகளை எண்ணி அனுப்பத் தெரிந்த நிர்வாகம், விடுதிகளின் கார் நிறுத்துமிடத்தில் பத்துக்கு இரண்டு இடத்திலாவது மீட்டரோடு ஒரு சாக்கெட் இருக்க வேண்டும் என்பதை உரிமத்தின் நிபந்தனையாகச் சேர்க்கலாம். செலவு, ஒரு எலக்ட்ரீஷியனின் ஓரிரு நாள் வேலையும் கொஞ்சம் ஒயரும்.