குற்றாலம் பக்கத்துல இருந்தா தண்ணிக் கஷ்டம் வராதா?

போன வாரம் கேன்டீன்ல ஒரு சண்டை. சங்கரன்கோவில் பக்கத்து நண்பன் ஒருத்தன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டுச் சொன்னான்: "ஒனக்கென்னல, புளியறைக்காரன். வாசல்லயே சாரல். எங்க ஊருக்கு வந்து பாரு, குடத்தோட நிக்கிறவள எண்ணி முடியாது." நானும் பதிலுக்கு ஏதோ கத்தினேன், பெல் அடிச்சிட்டான், அவனவன் காஸ்ட் அக்கவுண்டிங் கிளாஸுக்குப் போயிட்டோம். அங்க சொல்ல முடியாததைத்தான் இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். எங்க வீட்டுக் கிணத்துல ஆச்சி சின்ன வயசுல சித்திரை மாசம்கூட வாளியில மோந்தாங்களாம். இப்போ மே மாசம் மோட்டார் போட்டா பத்து நிமிஷத்துல காத்துதான் வருது. புளியறையில! ஆரியங்காவு கணவாய் வழியா தென்மேற்குப் பருவக்காத்து நேரா உள்ள நுழையுற ஊர்ல! வியாழக்கிழமை தட்சிணாமூர்த்தி கோயிலுக்கு வர்றவங்க பச்சை வயலைப் பாத்துட்டு "சொர்க்கம்"னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. அவங்க மே மாசம் வர்றதில்ல :-)

ஆக நண்பன் சொன்னதுல பாதிதான் சரி. எங்களுக்கு மழை இருக்கு. தண்ணி இருக்கான்னு கேட்டா, அது வேற கேள்வி. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நம்ம மாவட்டத்துல எல்லாக் கட்சியும் அரசியல் பண்ணுது.

தேர்தல் வந்தா என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். மலையைக் குடைஞ்சு கேரளத் தண்ணியைக் கொண்டு வருவோம்பாங்க. பம்பா - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்பு. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995ல சாத்தியக்கூறு அறிக்கை போட்ட திட்டம். வருஷத்துக்கு 634 மில்லியன் கன மீட்டர், அதாவது சுமார் 22 டிஎம்சி, மேற்க இருந்து கிழக்க திருப்பணும். கேரளா ஆரம்பத்துல இருந்தே "எங்ககிட்ட உபரி கிடையாது"ன்னு சொல்லிட்டு இருக்கு. அறிக்கைக்கு முப்பது வயசு ஆயிடுச்சு. எங்க செட்டுல யாரும் அப்போ பொறக்கவே இல்ல. இத்தனை வருஷமா அந்த 22 டிஎம்சியைக் காட்டியே நம்மளை உட்கார வச்சிருக்காங்க. வராத பணத்தை வரவுல எழுதி பேலன்ஸ் ஷீட் போட்டா ஆடிட்டர் என்ன பண்ணுவாரு? அதைக்கூட நாம இங்க கேக்கல.

கேரளாக்காரங்களைத் திட்டி எழுதுற பதிவு இதுன்னு நெனச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர் - கொச்சியில இருந்ததுதான். கோடு மாறும். மழைக்கு அந்தக் கோடு தெரியாது.

இந்தத் திட்டத்துல எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. மலையை ஒரு ஓவர்ஹெட் டேங்க் மாதிரி நெனைக்கிறாங்க பாருங்க, அது. மேல தண்ணி நிக்குது, கீழ குழாய் வச்சா வந்துடும்னு. மலை டேங்க் இல்ல. காட்டுத்தரையில இருக்குற மக்கின இலை, வேர் விட்டு வச்ச ஓட்டை, மண்புழு போட்ட துளை, இதெல்லாம் சேர்ந்துதான் ஜூன் - ஜூலை சாரலை உள்ள வாங்கி, மாசி பங்குனி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஓடையில விடுது. அந்தத் தரை இறுகிப் போச்சுன்னா அதே மழை அதே அளவு பெய்யும், ரெண்டு மணி நேரத்துல வழிஞ்சு போயிடும். மழைக் கணக்குல ஒரு மில்லிமீட்டர் குறையாது. கிணறு மட்டும் வத்தும்.

இதைப் படிக்கிறதுக்குன்னே ஒரு துறை இருக்கு. ஈகோஹைட்ராலஜின்னு பேரு, சூழல் நீரியல்னு வச்சுக்கலாம். யுனெஸ்கோ 1996ல இருந்து தன்னோட நீரியல் திட்டத்துல இதைச் சேர்த்து நடத்துது. போலந்துக்காரர் மாச்சேய் சலேவ்ஸ்கி இதுல முக்கியமான ஆள். அங்க பிலிட்சா ஆத்துல கட்டின சுலேயுவ் நீர்த்தேக்கத்துல பச்சைப்பாசி பிடிச்சு தண்ணி கெட்டுப்போச்சு. அவர் அணைக்குள்ள மட்டும் பாக்காம, மேல ஆத்தோரத் தாழ்நிலத்தையும் பாத்தாரு. வெள்ளம் அங்க பரவி நின்னா வண்டலும் பாஸ்பரஸும் அங்கயே படிஞ்சுடும், அணைக்கு வராது. கான்க்ரீட்டும் செடியும் சேர்ந்து வேலை பாக்கணும்ங்கிறதுதான் அவங்க வாதம். அணையே வேண்டாம்னு அவங்க சொல்லல, நானும் சொல்லல.

நமக்குப் புரியுற பாஷையில சொல்றேன். மழைதான் மொத்த வரவு. அதுல ஒரு பங்கு இலை வழியா ஆவியாப் போகுது, அது செலவு. ஸ்வீடன்காரங்க மாலின் ஃபால்கன்மார்க் 1995ல இதுக்கு "பச்சைத் தண்ணி"ன்னு பேரு வச்சாங்க. ஆறு, குளம், கிணத்துல கண்ணுக்குத் தெரியுறது "நீலத் தண்ணி". நம்ம பொதுப்பணித்துறையில இருந்து டீக்கடை வரைக்கும் எல்லாரும் நீலத்தை மட்டும்தான் எண்ணுறோம். ஒரு கம்பெனியில கேஷ் பாக்ஸை மட்டும் பாத்துட்டு "நல்லா போகுது"ன்னு சொல்ற மாதிரி.

இந்த இடத்துல மரம் நடுற கோஷ்டியோடயும் சண்டை போட்டாகணும். மரம் சும்மா நிக்கிறதில்ல, தண்ணி குடிக்குது. எந்த மரம், எந்த மண்ணுல, முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு பாக்காம நட்டா, மண்ணு உள்ள வாங்குற தண்ணியைவிட மரம் குடிக்கிறது கூடிடும். கர்நாடகத்து உத்தர கன்னடத்துல இயற்கைக் காடு, சீரழிஞ்ச காடு, அக்கேசியா தோட்டம் மூணையும் பக்கத்துல பக்கத்துல அளந்து ஜகதீஷ் கிருஷ்ணசாமி குழுவினர் 2013ல கட்டுரை போட்டிருக்காங்க. நிலத்தடிக்குத் தண்ணி அதிகம் இறங்கினது இயற்கைக் காட்டுல. சீரழிஞ்ச இடத்துல மழை மேலாப்பல ஓடிப்போச்சு. நட்ட தோட்டம் ரெண்டுக்கும் நடுவுல. ஆக "பத்தாயிரம் மரக்கன்று நட்டோம்"ங்கிற பேனர் காட்டுக்குச் சமம் கிடையாது.

எங்க காலேஜ் கேம்ப் கதையைச் சொல்லாம விட முடியல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கோடை லீவுல எங்களைக் கூட்டிட்டுப் போய் கன்று நட வச்சாங்க. எங்க தெரியுமா? வத்திக் கெடந்த குளத்துக்குள்ள! நடுக் குளம்! போட்டோ எடுத்தாச்சு, பிஸ்கட் குடுத்தாச்சு. ஐப்பசியில குளம் பெருகி எல்லாக் கன்றும் முங்கிப் போச்சு. பக்கத்து வயக்காட்டுத் தாத்தா ஒருத்தர் அன்னிக்கே கேட்டாரு, "ஏம்ப்பா, மீனுக்கா நிழலு?"ன்னு. நானும் நட்டவன்தான், போட்டோவுல மூணாவது ஆள்.

கேப்டவுன்ல நேர் எதிரா மரத்தை வெட்டித் தண்ணி சம்பாதிக்கிறாங்க. 2018ல அந்த நகரம் குழாயை மூடுற நாளை எண்ணிக்கிட்டு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதே வருஷம் அங்க ஒரு தண்ணீர் நிதி தொடங்கினாங்க. நீர்ப்பிடிப்பு மலையில பரவின பைன், அக்கேசியா, யூகலிப்டஸ் மாதிரி வெளிநாட்டு மரங்களை எடுத்தா சில வருஷத்துல ஆண்டுக்கு 5,000 கோடி லிட்டர் திரும்பக் கிடைக்கும்னு கணக்குப் போட்டாங்க. செலவு கடல்நீர் சுத்திகரிப்பைவிட ரொம்பக் குறைவு. நம்ம அரசும் 2022ல அயல் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வெளியிட்டிருக்கு. நல்ல விஷயம். எடுத்த இடத்துல என்ன வளருது, ஓடையில தண்ணி கூடுச்சான்னு யாராவது அளந்து ஊருக்குச் சொன்னா இன்னும் நல்லா இருக்கும்.

நம்ம மலைக்கு வருவோம். 2022ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில ஒரு வழக்கு. குற்றாலம் பக்கம் சில ரிசார்ட்டுங்க இயற்கை ஓடையைத் திருப்பி சொந்தமா அருவி செஞ்சு வச்சிருக்காங்கன்னு. ஆய்வு பண்ண குழு போடச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, சித்தாறு தாமிரபரணியில போய்ச் சேர்ற வரைக்கும் வழியெல்லாம் கால்வாயும் குளமும் வயலும் காத்துக்கிட்டு இருக்கு. மேல ஒருத்தன் ஷவருக்குத் திருப்புறான்.

2024 மே 17, பழைய குற்றாலம். திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பதினேழு வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயிடுச்சு. மேல மலையில மழை கொட்டுறது கீழ குளிச்சுக்கிட்டு இருந்த யாருக்கும் தெரியாது. செல்போன்ல பூனை வீடியோ ஒரு செகண்டுல வருது. ரெண்டு மூணு கிலோமீட்டர் மேல ஓடை ஏறுற செய்தி கீழ வரல. அந்தத் தம்பிக்கும் எங்களுக்கும் நாலஞ்சு வயசுதான் வித்தியாசம்.

அப்புறம் லாரி. காலையில காலேஜ் பஸ்ஸுல வர்றப்ப தினம் பாக்குறேன், புளியறை எஸ் வளைவுல வரிசையா ஏறும். ஜல்லி, எம்-சாண்ட், பாறைக்கல். பெர்மிட் இருக்கா இல்லையாங்கிற சண்டை பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம், பெர்மிட் இருந்தா மட்டும் சரியாயிடுமா? குவாரிக்குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழ போனா, சுத்தி இருக்குற கிணத்துத் தண்ணி அந்தக் குழியைப் பாத்துத்தான் நகரும். பம்பு வச்சு வெளிய இறைச்சாத்தான் பாறை எடுக்க முடியும். நாம பக்கத்து மாநிலத்துத் தண்ணியைக் கேட்டு ஊர்வலம் போறோம், நம்ம பாறையும் நிலத்தடி நீரும் அதே ரோட்டுல எதிர்ப்பக்கமாப் போயிட்டு இருக்கு.

இப்ப கேன்டீன் நண்பனுக்கு. அவன் கேப்பான், "நீ மேல உக்காந்து காடு காடுன்னு பாடு, எங்க ஊர்ல பருத்தி காயுதே, அதுக்கு என்ன?" நியாயமான கேள்வி. சங்கரன்கோவில் பக்கம் சாரல் போறதில்ல, அவங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான், அதுவும் வந்தா உண்டு. அடவிநயினார், குண்டாறு சாரல் நேரத்துல நிறைஞ்சு வழியுறப்ப அதே மாவட்டத்துல வாய் வறண்டு நிக்கிறது கொடுமைதான். அதனால ராமநதி - ஜம்புநதி இணைப்புக் கால்வாய் மாதிரி உள்ளூர் வேலைகளை நான் எதிர்க்கல. முப்பது வருஷமா வராத 22 டிஎம்சியைவிட இது கைக்கு எட்டுற தூரம். ஆனா ஒரு வரிசை வேணும்டா. தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரி குளம் இருக்கு. நம்ம பக்கம் குளம் தனியா இருக்காது, ஒண்ணு மறுகால் பாய்ஞ்சா அடுத்ததுக்குப் போகும், சங்கிலி. தூர்வாருறோம்னு நடுக்குளத்துல மண்ணு அள்ளுறாங்க (அந்த மண்ணு எங்க போகுதுன்னு கேக்காதீங்க). மறுகால் ஓடை மேல பிளாட் கல்லு நட்டிருக்கு. சங்கிலியில ஒரு கண்ணி போனா அதுக்குக் கீழ இருக்குற குளத்தை எவ்வளவு ஆழமா வெட்டினாலும் பள்ளம்தான் மிஞ்சும். உன் ஊருக்கு வர வேண்டிய தண்ணி கேரளாவுல மாட்டிக்கிச்சான்னு தெரியாது, சுரண்டை ரோட்டுல ஏதாவது ஒரு லேஅவுட்ல மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

காசு யாரு குடுப்பான்னு கேளுங்க, காமர்ஸ் பசங்க அதைக் கேக்காம விடக்கூடாது. நியூயார்க் நகரம் 1997ல ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. பல நூறு கோடி டாலர் செலவாகுற வடிகட்டும் ஆலைக்குப் பதிலா, கேட்ஸ்கில் மலையில நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பாதுகாக்க நிலம் வாங்கி, அங்க இருக்குற விவசாயிகளுக்கும் பணம் குடுத்தாங்க. கீழ குடிக்கிறவன் மேல காக்குறவனுக்குக் கட்டணும். நம்ம ஊர்ல மேற்குத்தொடர்ச்சி மலைக்கு சூழல் உணர்திறன் மண்டலம்னு 2014ல இருந்து 2024 வரைக்கும் ஆறு வரைவு அறிவிப்பு வந்திருக்கு. அதுல இதைச் செய்யாதே அதைச் செய்யாதேன்னு இருக்கு. மலையடிவாரத்துல ஓடையோரத்தை உடைக்காம விட்டு வச்சிருக்குற சின்ன விவசாயிக்கு ஒரு ரூபா வரவு எழுதுற பத்தி எங்க? தடை மட்டும் போட்டா அவர் நாளைக்கு ரிசார்ட்டுக்கு வித்துட்டுப் போவாரு. நானா இருந்தாலும் வித்துடுவேன்.

சரி, கத்தினது போதும். வர்ற ஜூன்ல இருந்து நான் எங்க மொட்டை மாடியில மழைமானி வைக்கப் போறேன். கடையில வாங்கினது இல்ல, வாய் அகலமா இருக்குற ஒரு நேர்பாட்டில், உள்ள ஒரு ஸ்கேல். வானிலை ஆய்வு மையம் மாதிரியே தினம் காலை எட்டரைக்கு எழுதுவேன். கூடவே வீட்டுக் கிணத்துல கயிறு விட்டு நீர்மட்டம், வாரம் ஒரு தடவை. சங்கரன்கோவில், சுரண்டை, ஆலங்குளம், கடையநல்லூர், பாவூர்சத்திரம் பசங்க யாராவது சேந்துக்கிறீங்களா? ஒரு எக்செல் ஷீட் போதும். கேன்டீன் நண்பன் பாட்டில் நானே வாங்கித் தர்றேன்னு சொன்னதுக்கு இன்னும் பதில் சொல்லல.