தொள்ளாயிரம் பெருக்கல் இருபத்தைந்து

எங்கள் தெரு பெயின்டரைப் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் பிடிக்கவே முடியாது. போனை எடுக்க மாட்டார். அதே மனிதர் ஐப்பசி அடைமழையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை வரி விளம்பரம் உட்படப் படித்துக்கொண்டிருப்பார். சுவர் காய்ந்தால்தானே பிரஷ்ஷைத் தொடலாம்? ஆடியில் யாரும் புது வீடு புக மாட்டார்கள். அந்த மாதமும் படுத்துவிடும்.

2023இல் மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம் போட்டபோது அவர் மனைவிக்குத் துணையாகப் போயிருந்தேன். “வீட்டுக்காரருக்கு நாள் கூலி எவ்வளவுக்கா?” என்று கேட்டார் பதிவு செய்த பையன். “வேலை இருந்தா தொள்ளாயிரம்” என்றார் இவர். தொள்ளாயிரம் மட்டும் படிவத்துக்குள் போனது. ‘வேலை இருந்தா’ வெளியிலேயே நின்றுவிட்டது. மாதம் இருபத்தைந்து நாள் என்று பெருக்கினால் ஆண்டுக்கு 2,70,000 ரூபாய். திட்டத்தின் வரம்போ 2,50,000. சராசரியாகப் பதினைந்து நாள் வேலை என்று உள்ளபடி கணக்கிட்டிருந்தால் 1,62,000தான் வரும். மாதம் ஆயிரம் ரூபாயைத் தட்டிவிட ஒரு பெருக்கல் போதுமானதாக இருந்தது.

ஆண்டில் சில மாதம் வேலை நின்றுபோகும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக் காலம். அப்போது அடுப்பெரிய அரசே நிவாரணம் தருகிறது. பெயின்டருக்கும், மார்கழியில் முகூர்த்தம் இல்லாத மேளக்காரருக்கும் அப்படி எழுதிவைத்த தடைக்காலம் கிடையாது. வேலை மட்டும் நின்றுபோகும்.

வருமானச் சான்றிதழ் கதை இன்னும் வேடிக்கை. இ-சேவை மையத்தில் போய் நின்றதும் வருகிற கேள்வி, “எதுக்கு?” முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கென்றால் வரம்பு 1,20,000. பிள்ளையின் உதவித்தொகைக்கென்றால் வேறு வரம்பு. தேவையைச் சொன்னால் தொகை தானாக வந்து உட்காரும். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உள்ளதை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

ஆஸ்திரேலியாவில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கான உதவித்தொகைக்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஜூலையில் தொடங்கும் நிதியாண்டில் என்ன வருமானம் வரும் என்று குடும்பமே உத்தேசமாகச் சொல்ல வேண்டும். ஆண்டு முடிந்து வரிக்கணக்கு வந்ததும் ஒத்துப்பார்ப்பார்கள். கூட்டிச் சொல்லியிருந்தால் பாக்கி கைக்கு வரும். குறைத்துச் சொல்லியிருந்தால், அதிகம் வாங்கியது கடனாகிக் கடிதம் வரும். நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு அங்கேயும் தலைவலிதான். ஆனாலும் வருமானம் ஏறும், இறங்கும் என்பதையாவது அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது. இங்கே அப்படி வரிக்கணக்கு காட்டுகிற பெயின்டர் யார் இருக்கிறார்?

நம் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் நிராகரிக்கப்பட்டவர்கள் முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய இடம் கொடுத்தார்கள். என் யோசனையின் பேரில் பெயின்டரின் மனைவி மேஸ்திரியிடம் போய் ஆள் கணக்கு நோட்டை இரவல் வாங்கி வந்தார். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு ஒரு புள்ளி. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் பாதிக்கு மேல் கட்டம் காலி. நகல் எடுத்து வைத்துக்கொண்டார்.

விசாரிக்க வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதை முகாமிலேயே காட்டியிருக்கலாமேம்மா” என்றார்.

“அங்க கூலியைத்தான் சார் கேட்டாங்க.”